மதர்போர்ட்டின் வாசல்களும் ஒரு வட்டப் பற்றறியும்

போன கார்த்திகை மழைக்குள் கோண்டாவிலில் இருந்து அக்காவின் மகள் போன் எடுத்தாள்.

"மாமா, வைஃபை பிடிக்குது. ஆனா ஒரு பக்கமும் திறக்குதில்லை. எல்லாத்திலயும் பாதுகாப்பில்லை எண்டு சிவப்பா வருது. நாளைக்கு அசைன்மென்ற் அனுப்ப வேணும்."

"கீழ வலப்பக்க மூலையில என்ன திகதி காட்டுது, பிள்ளை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "2015 ஜனவரி ஒண்டு" என்றாள்.

இணையத்தில் ஒரு பிழையும் இல்லை. முதல் நாள் இடி மின்னலுக்குப் பயந்து அக்கா சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றி வைத்திருக்கிறா. மதர்போர்ட்டில், அதாவது கணினிக்குள் எல்லாப் பாகங்களும் வந்து சேர்கிற பெரிய பலகையில், இருக்கிற சின்ன வட்டப் பற்றறி ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. அதனால் கணினி நேரத்தை மறந்துவிட்டது. ஒவ்வொரு இணையத்தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டும். இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2015இல் நிற்கிற கணினிக்கு அந்தச் சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை. அதனால்தான் ஒன்றையும் நம்ப மறுத்தது. திகதியைக் கையால் மாற்றச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் எல்லாப் பக்கமும் திறந்தது.

இந்த அளவு சின்ன விஷயத்துக்கு கணினியை மோட்டார் சைக்கிளில் கட்டி ரவுனுக்குக் கொண்டுபோய், இரண்டு மூன்று நாள் காத்திருந்து, காசும் கொடுத்து வருகிற ஆட்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். மதர்போர்ட்டின் பின்பக்கத்தில் எது எதற்கு, அதன் அமைப்புகளை (செற்றிங்ஸ்) கம்பனி வைத்த பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி, கொண்டுவர முன்னம் எதைக் குறித்து வைக்க வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் வீட்டில் வரும் சிக்கல்களில் நல்ல பங்கை நீங்களே தீர்க்கலாம்.

பின்பக்கம்

கேஸின் பின்பக்கத்தைத் திருப்பி, ரோச் அடித்து, முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். எந்த வயர் எங்கே செருகியிருந்தது என்று பிறகு யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மேலே அல்லது கீழே கரண்ட் வயர் வருகிற பெட்டி பவர் சப்ளை. அதை ஒருநாளும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கி நிற்கும். அதை விட்டால், நீளமான ஒரு தகட்டுச் சட்டத்துக்குள் நெருக்கமாக இருக்கிற துளைகள்தான் மதர்போர்ட்டின் வாசல்கள். அவற்றுக்குப் பக்கத்தில் தனியாக, குறுக்காகக் கிடக்கிற துளைகள் இருந்தால் அவை, திரைக்குப் படம் தருகிற தனிப் பலகையான கிராஃபிக்ஸ் கார்ட்டினுடையவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் மிகவும் முக்கியம்.

ஏன் என்றால், "கணினி ஓடுது, ஃபான் சுத்துது, மொனிற்றரில மட்டும் ஒண்டும் இல்லை" என்று சொல்பவர்களின் வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மொனிற்றர் வயர் எங்கே போகிறது என்றுதான். கிராஃபிக்ஸ் கார்ட் போட்ட கணினியில் வயரை அந்தக் கார்ட்டில் செருக வேண்டும். கார்ட் இருப்பதைக் கண்டதும் பல மதர்போர்ட்டுகள் தங்கள் சொந்தப் பட வழியைத் தாங்களாகவே மூடிவிடும். துளை இருக்கும், வயரும் இறுக்கமாகப் போகும், படம் மட்டும் வராது. வீட்டைக் கூட்டித் துடைக்கும்போது வயர்களைக் கழற்றி, திரும்பச் செருகும்போது கைக்கு முதலில் அகப்பட்ட துளையில் செருகிவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. மதர்போர்ட்டில் எச்.டி.எம்.ஐ துளை இருந்தால் போதாது, கணினியின் மூளையான பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் (படத்தை உருவாக்குகிற பகுதி) இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸரின் பெயர் 12400எஃப் என்பது போல 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் இல்லை. ஏ.எம்.டியின் ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் இல்லை. 'ஜி' என்று முடியும் 5600ஜியில் உண்டு. இப்படி ஒரு பிராசஸரை வாங்கி, கார்ட் இல்லாமல் இயக்கிப் பார்த்து, மதர்போர்ட் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோன பெடியனை நான் கண்டிருக்கிறேன். போர்ட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை.

படத்துக்கான துளைகளை உருவத்தால் பிடிக்கலாம். மூன்று வரிசையாகப் பதினைந்து சிறு துளைகளோடு, பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது வி.ஜி.ஏ. 1987இல் வந்த பழைய முறை. எங்களுடைய பள்ளிக்கூடங்களிலும் கந்தோர்களிலும் இன்னும் உழைக்கிறது. கீழ் இரண்டு மூலையும் சரிந்து ஒடுங்குவது எச்.டி.எம்.ஐ. ஒரு மூலை மட்டும் வெட்டியது போல் இருப்பது டிஸ்பிளே போர்ட். டிஸ்பிளே போர்ட் வயர்கள் பலவற்றின் தலையில் ஒரு கொளுக்கி இருக்கும். அதை அமத்தாமல் இழுத்தால் துளையோடு பிய்ந்து வரும்.

யூ.எஸ்.பியில் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்போ வெள்ளையோ என்றால் பொதுவாகப் பழைய 2.0, விநாடிக்கு 480 மெகாபிற் வேகம். நீலம் என்றால் 3.0, 5 கிகாபிற், அதாவது பத்து மடங்குக்கு மேல். சிவப்பு, இளம்பச்சை போன்ற நிறங்களைக் கம்பனிகள் தங்கள் விருப்பப்படி இன்னும் வேகமானவற்றுக்குப் பூசுகின்றன. கல்யாண வீடியோவை வெளி டிஸ்க்கில் ஏற்றுகிறவர் கறுப்பில் செருகினால் காத்திருக்கத்தான் வேண்டும். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் வேகம் தேவையில்லை. அவற்றைக் கறுப்புக்கு அனுப்பிவிட்டு நீலத்தை டிஸ்க்குக்கு விடுங்கள்.

வட்டமாக, ஊதாவும் பச்சையுமாக இருக்கிற இரண்டு பி.எஸ் 2 துளைகள் பழைய விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் உரியவை. ஊதா விசைப்பலகை, பச்சை மவுஸ். கணினி ஓடும்போது இவற்றைக் கழற்றிச் செருகக் கூடாது. ஒலித் துளைகளில் பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியில் இருந்து ஒலியை உள்ளே எடுக்க. இணைய வயர் செருகுகிற லான் துளையில் இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். வயர் செருகியும் இரண்டும் எரியாவிட்டால் வயரையோ றவுட்டரையோ பாருங்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கரையோரமாக, குருநகர், நாவாந்துறைப் பக்கம் இருக்கிற வீடுகளில் உவர்க்காற்று இந்தத் துளைகளின் தகட்டைக் கறளாக்கிவிடும். கறள் பிடித்த துளையில் செருகினால் ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் பிடிக்காது. பாவிக்காத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுவதும், கணினியை யன்னலுக்கு நேரே வைக்காமல் விடுவதும் உண்மையாகவே பலன் தரும்.

உள்ளே

பக்கத் தகட்டைக் கழற்ற முன்னம் கணினியை நிற்பாட்டி, சுவர் சுவிச்சையும் நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமத்திப் பிடியுங்கள். பல மதர்போர்ட்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் பட்டனை அமத்தும்போது அது மங்கி அணைவதைக் காணலாம். அதுதான் மிச்சமாக நின்ற கரண்ட் போய்விட்டது என்பதற்கு அடையாளம். தொட முன்னம் கேஸின் பெயின்ற் இல்லாத இரும்பில் ஒருமுறை கையை வையுங்கள்.

உள்ளே எல்லாவற்றையும் இன்றைக்கே படிக்க வேண்டியதில்லை. அகலமான 24 பின் இணைப்பு போர்ட்டுக்கான கரண்ட். பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின்னில் வருவது பிராசஸருக்கான கரண்ட். நீளத் தட்டுகளாக நிற்பவை றாம், கணினி வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகம். 'எல்' வடிவ வாயோடு இருக்கிற சின்னத் துளைகள் சாட்டா, டிஸ்க்குகளுக்கு. கீழ் மூலையில் மெல்லிய வயர்கள் வந்து சேர்கிற ஊசிக் கூட்டம்தான் முன்பக்கத்துப் பவர் பட்டன், றீசெற் பட்டன், விளக்குகள். துடைக்கும்போது அந்த மெல்லிய வயர்களில் ஒன்று கழன்றுவிட்டால் பவர் பட்டன் வேலை செய்யாது. கணினியே செத்துப்போனது போல் இருக்கும்.

இனி, பளபளவென்று ஒரு வட்டப் பற்றறி கண்ணில் படும். மேலே சி.ஆர்.2032 என்று பொறித்திருக்கும். 20 என்பது விட்டம் 20 மில்லிமீற்றர், 32 என்பது தடிப்பு 3.2 மில்லிமீற்றர். மூன்று வோல்ற். இதைத் தெரிந்து வைத்தால் கடையில் 2025ஐத் தந்தால் உடனே பிடிபடும். அதுவும் அதே விட்டம்தான், ஆனால் 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. உள்ளே தளர்ந்து கிடக்கும்.

பற்றறி எதைக் காக்கிறது?

தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த நான் எப்போதும் ஒரு காட்சியைத்தான் சொல்வேன். கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிற்பாட்டி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்துச் செய்தி கேட்போம். கை ஓய்ந்தால் குரல் நின்றுவிடும். மதர்போர்ட்டில் சீமோஸ் என்று சொல்கிற சின்ன நினைவகமும் அப்படித்தான். யாரோ ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு நினைவு நிற்கும். கணினி பிளக்கில் இருக்கும்போது பவர் சப்ளை சுற்றுகிறது. பிளக்கைக் கழற்றினால் அந்த வட்டப் பற்றறி சுற்றுகிறது.

முதலாவது ஐ.பி.எம் பீ.சி 1981இல் வந்தபோது இது இல்லை. போர்ட்டில் இருந்த குட்டிச் சுவிச்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் எவ்வளவு நினைவகம், என்ன திரை என்று சொல்ல வேண்டும். திகதியை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டும். 1984இல் வந்த ஏ.ரி மொடலில்தான் மோட்டொரோலாவின் மணிக்கூட்டுச் சிப் ஒன்றைப் பற்றறியோடு வைத்தார்கள். அதில் மொத்தம் 64 பைற். மணிக்கூட்டுக்குப் போக மிஞ்சிய 50 பைற்றில் அமைப்புகள். அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைதான் இன்றைக்கு உங்கள் போர்ட்டில் இருப்பது. இப்போதைய போர்ட்டுகள் அமைப்புகளில் பெரும்பகுதியைக் கரண்ட் இல்லாமலும் நினைவு நிற்கிற பிளாஷ் சிப்பில் எழுதி வைக்கின்றன. அதனால் சிலவற்றில் பற்றறி செத்தாலும் நேரம் மட்டும் போகும், மற்றவை தப்பும்.

எங்கள் வீடுகளின் வழக்கம் ஒன்று இந்தப் பற்றறியின் ஆயுளைக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் சுவர் சுவிச்சை நிற்பாட்டுவோம், மின்னலென்றால் பிளக்கையே கழற்றுவோம். அது சரியான வழக்கம், விட வேண்டாம். மின்னலில் போர்ட் எரிவதைவிடப் பற்றறி தீர்வது எவ்வளவோ மேல். ஆனால் அந்த நேரமெல்லாம் பற்றறிதான் உழைக்கிறது என்பதை மனதில் வையுங்கள். வெளிநாட்டுக் கந்தோர்களில் ஓடிவிட்டு இங்கே பாவித்த கணினியாக வந்து விற்கப்படுபவற்றில் பற்றறியும் அந்த வயதுதான். வாங்கியதும் புதிதாக ஒன்று போடுங்கள். மல்ரிமீற்றர் இருந்தால் அளக்கலாம். 2.8 வோல்ற்றுக்குக் கீழே என்றால் மாற்றிவிடுவது நல்லது. பழையதைக் குழந்தைகளின் கைக்கு எட்ட விடாதீர்கள். விழுங்கினால் தொண்டையையும் உணவுக்குழாயையும் உள்ளே சுட்டுப் புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில் வைத்திருந்து, மணி சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நின்றால் அது பற்றறி இல்லை. உபுண்டு உலகப் பொது நேரத்தைச் சிப்பில் எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. இரண்டுக்கும் இடையில் எங்கள் ஐந்தரை மணித்தியாலம்.

பழைய நிலைக்குக் கொண்டுவருதல்

எப்போது தேவை? றாமின் வேகத்தைக் கூட்டிய பிறகு திரை கறுத்துப்போனால், பயோஸில் (விண்டோஸுக்கு முன்னம் ஓடுகிற, மதர்போர்ட்டின் அமைப்புகளை மாற்றுகிற இடம்) எதையோ மாற்றி, எதை மாற்றினோம் என்று தெரியாமல் போனால், அல்லது பயோஸ் கடவுச்சொல் மறந்தால் (எல்லாப் போர்ட்டிலும் இதனால் அது அழியாது). விண்டோஸ் மந்தமாக ஓடுகிறது, வைரஸ் வந்துவிட்டது என்பதற்கெல்லாம் இது மருந்தில்லை. பலர் பயப்படுவது போல இதனால் படங்களோ பாடக்குறிப்புகளோ அழியாது. அவை டிஸ்க்கில் இருக்கின்றன, இது டிஸ்க்கைத் தொடுவதே இல்லை.

திரை கறுத்திருந்தால் இதற்கு முன்னம் ஒன்றைச் செய்து பாருங்கள். கரண்டைக் கழற்றிவிட்டு றாம் தட்டைக் கழற்றி, பொன்னிறப் பற்களைச் சுத்தமான அழிறப்பரால் மெல்ல உரசி, தூள் போகத் தட்டி, கிளிக் என்று கேட்கும்வரை திரும்ப அமத்துங்கள். மழைக்காலத்தில் இதோடேயே உயிர் வந்துவிட்ட கணினிகள் பல.

திரை வருகிறதென்றால் சுலபம். கணினியைப் போட்டதும் டெல் அல்லது எஃப் 2 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பயோஸ் திறக்கும். உடனே ஒன்றையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பக்கமாகப் போய் போனில் படம் எடுங்கள். இந்த ஐந்து நிமிடம்தான் பிறகு ஒரு முழுநாளை மிச்சம் பிடிக்கும். கடைசிப் பக்கத்தில் ஆரம்ப அமைப்புகளை ஏற்றும் தெரிவு இருக்கும். அதைக் கொடுத்து, எஃப் 10 அமத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

திரை வரவில்லை என்றால் ஜம்பர். பற்றறிக்குக் கிட்டவோ போர்ட்டின் கீழ் ஓரத்திலோ இரண்டு அல்லது மூன்று ஊசிகள் தனியாக நிற்கும். பக்கத்தில் உள்ள எழுத்துகள் கம்பனிக்குக் கம்பனி மாறும். அசூஸில் சி.எல்.ஆர்.ரி.சி, எம்.எஸ்.ஐயில் ஜே.பி.ஏ.ரி.1, ஜிகாபைட்டில் சி.எல்.ஆர். சீமோஸ், டெல் ஒப்ரிபிளெக்ஸில் ஆர்.ரி.சி.ஆர்.எஸ்.ரி. மூன்று ஊசி என்றால் முதலிரண்டின் மேல் இருக்கிற சின்னத் தொப்பியைக் கழற்றி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மேல் போட்டு, பத்து விநாடி பொறுத்து, பழைய இடத்திலேயே திரும்பப் போடுங்கள். இரண்டு ஊசி என்றால் ஸ்குறூ ட்றைவரின் நுனியால் இரண்டையும் ஒரே நேரத்தில் பத்து விநாடி தொட்டால் போதும். பிளக் சுவரில் இருந்து கழன்றிருக்க வேண்டும் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். கிட்ட இருக்கிற வேறு ஊசிகளைத் தொட்டுவிடக் கூடாது. சில விலைகூடிய போர்ட்டுகளில் இதற்குப் பின்பக்கத்திலேயே ஒரு பட்டன் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பயோஸைப் புதுப்பிக்கிற இன்னொரு பட்டனும் இருக்கலாம். எழுத்தை வாசித்துவிட்டுத்தான் அமத்த வேண்டும்.

ஜம்பரைக் கண்டுபிடிக்க முடியவில்லையா? பற்றறியைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டுக் கொளுக்கி இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பற்றறி தானாக எம்பும். நெம்பி எடுக்க வேண்டாம். பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அமத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கூட்டல் குறி மேலே தெரியும்படி திரும்பப் போடுங்கள்.

முதல் தடவை கணினியைப் போடும்போது அவசரப்படாதீர்கள். தானாக ஓரிரு முறை நின்று திரும்ப இயங்கலாம். புதிய டி.டி.ஆர் 5 றாம் என்றால் திரை வர ஒரு சில நிமிடம்கூட ஆகும். போர்ட் றாமை ஆரம்பத்தில் இருந்து பழகிக்கொள்கிறது. இடையில் பட்டனை அமத்தி நிற்பாட்டினால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும்.

மறந்துபோனவற்றைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தல்

எடுத்த படங்கள் இப்போதுதான் உதவும். முதலில் திகதியும் நேரமும். அடுத்தது டிஸ்க்கின் சாட்டா முறை, அதாவது போர்ட் டிஸ்க்கோடு எப்படிப் பேச வேண்டும் என்ற தெரிவு. றெயிட், ஏ.எச்.சி.ஐ என்பவை அதில் வருகிற இரண்டு முறைகள். இதில்தான் அதிகம் பேர் மாட்டுப்படுகிறார்கள். கந்தோர்க் கணினிகள் சிலவற்றில் கம்பனி வைத்த ஆரம்ப நிலை றெயிட். இங்கே விண்டோஸ் போட்டவர் அதை ஏ.எச்.சி.ஐ என்று மாற்றிவிட்டுப் போட்டிருப்பார். நீங்கள் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் அது திரும்ப றெயிட் ஆகிவிடும். விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். விண்டோஸைத் திரும்பப் போட வேண்டியதில்லை. பயோஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ என்று மாற்றினால் வந்துவிடும். பழைய முறையில் போட்ட விண்டோஸ் 7 கணினிகளில் டிஸ்க்கையே காணவில்லை என்று வந்தால் பழைய முறைக்கு இடம் கொடுக்கிற சி.எஸ்.எம் என்ற தெரிவைத் திறந்துவிடுங்கள்.

புதிய விண்டோஸ் 11 கணினியில் பிற்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருக்கலாம். அமைப்புகள் மாறியதைக் கண்டு, 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ற் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஜம்பரில் கை வைக்க முன்னம் அதை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எழுதாமல் தொடங்கவே வேண்டாம் என்று நான் சொல்வேன். சாவி இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதைத் திறக்க வழியில்லை.

றாம் முழு வேகத்தில் ஓட எக்ஸ்.எம்.பி என்ற தெரிவைத் திரும்பப் போட வேண்டும். கடைகளிலும் கந்தோர்களிலும் கரண்ட் போய் வந்ததும் கணினி தானாக இயங்குவதற்கு ஒரு தெரிவு வைத்திருப்பார்கள். அதுவும் போயிருக்கும். கமெரா பதிவு செய்கிற கணினியில் இதைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த கரண்ட் வெட்டுக்குப் பிறகு யாரும் பட்டனை அமத்தும்வரை ஒன்றும் பதிவாகாது.

அசைன்மென்ற் அனுப்பிய அடுத்த சனிக்கிழமை கோண்டாவிலுக்குப் போனேன். பற்றறியை மருமகளே கழற்றி, புதியதைப் போட்டாள். கொளுக்கி எங்கே என்று மட்டும்தான் காட்டினேன். கேஸின் உட்பக்கத்தில் வெள்ளை ரேப் ஒன்றை ஒட்டி, பற்றறி மாற்றிய திகதியையும் அதற்குக் கீழே 'சாட்டா: ஏ.எச்.சி.ஐ' என்றும் எழுதினாள். பிறகு தகட்டைப் பூட்டிவிட்டு, கணினியைப் போட்டு, மூலையில் இருந்த மணியைத் தன் போனோடு ஒத்துப் பார்த்தாள்.